கொலோனோஸ்கோபிக்கு முந்தைய நாள்

கேள்வி (வேளச்சேரி): 62 வயதான என் தந்தைக்கு வியாழக்கிழமை காலை கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) செய்யவிருக்கிறார்கள். சர்க்கரைக்கும் இரத்தம் உறையாமலிருக்கவும் அவர் மாத்திரை உட்கொள்கிறார். எவற்றைக் கவனிக்க வேண்டும், வலிக்குமா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் (மயிலாப்பூர்): ஐயா, அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல், எதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். கீரை, கொய்யா, எள் போன்றவற்றை இரண்டு மூன்று நாள் முன்பே தவிர்க்க வேண்டும். முந்தைய நாள் இளநீர், பால் சேர்க்காத தேநீர் போன்ற தெளிந்த பானங்கள்தாம். ரோஜா சர்பத் வேண்டாம், அதன் சிவப்பு உள்ளே இரத்தம்போலத் தோன்றும்.

பதில் (பெரம்பூர்): உண்மையான சிரமம் பேதி மருந்துதான். எனக்குத் தந்த தூளை 2 லிட்டர் நீரில் கரைத்து, பாதியை மாலையிலும் மீதியை விடியற்காலையிலும் குடித்தேன். உப்பும் எலுமிச்சையும் கலந்த அந்தச் சுவை, குளிரவைத்தால் சற்றே தாங்கக்கூடியதாகிறது. மலம் மஞ்சள் நிறத் தெளிநீராக மாறும்வரை கழிப்பறையை விட்டு நகர முடியாது. எங்கள் அடுக்ககத்தில் அன்றுதான் மோட்டார் பழுதானது. ஆகவே வாளிகளை நிரப்பி வையுங்கள். பரிசோதனையோ, மயக்க ஊசியால் எனக்கு நினைவிலேயே இல்லை. விழித்தபின் வயிறு காற்றால் உப்பியிருந்தது, அவ்வளவுதான்.

பதில் (தாம்பரம்): உடன் ஒருவர் செல்வது அவசியம், அன்று முழுவதும் உங்கள் தந்தை வண்டி ஓட்டக் கூடாது. பின்னர் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், அதிக இரத்தப்போக்கு இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.