கலாநிதிப் படிப்பின் முதல் வருடமும் பெல்மன் சமன்பாடும்

கேள்வி: கோப்பாயிலிருந்து வந்து அமெரிக்காவில் பொருளியல் கலாநிதிப் படிப்பைத் தொடங்கியிருக்கிறேன் அண்ணா. உயர்தரத்தில் கலைப்பிரிவு. டைனமிக் மாதிரிகள், அதாவது காலம் போகப் போக எடுக்கும் முடிவுகளின் கணித மாதிரிகள், தலைக்குள் ஏறவில்லை. கடந்தகால வினாத்தாள்களைச் செய்துகொண்டு போனால் தப்பலாமா?

பதில்: தங்கச்சி, டியூட்டரி வழி அங்கே பாதிதான் பலிக்கும். தகுதித் தேர்வில் மாதிரியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலே மனப்பாடம் கைவிட்டுவிடும். வினாத்தாள் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரேயொரு சின்ன மாதிரியை எலும்பு வரை தெரிந்துகொள்ளுங்கள்.

ஏழாலைச் செம்மண்ணில் வெங்காயம் நடுபவரை எடுங்கள். விளைந்ததில் எவ்வளவைச் சுன்னாகம் சந்தைக்கு அனுப்புவது, எவ்வளவை அடுத்த போகத்துக்கு விதையாகக் கட்டித் தொங்கவிடுவது? கையில் உள்ள விளைச்சல்தான் ‘நிலை மாறி’ (இப்போது எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் அளவு); விதைக்கு ஒதுக்குவது முடிவு. இன்றைய பயன்பாட்டுடன் (இன்று அனுபவிப்பதில் கிடைக்கும் திருப்தி) நாளைய நிலையின் பெறுமதியைக் கழிவுக் காரணி பீட்டாவால் (நாளையதை இன்று எவ்வளவாக மதிக்கிறோம் என்ற, ஒன்றுக்குக் குறைந்த எண்) பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை உச்சமாக்குங்கள். பெல்மன் சமன்பாடு அவ்வளவுதான்.

பயன்பாடு மடக்கைச் சார்பு, விளைச்சல் விதையின் ஆல்பா அடுக்கு, நட்ட விதை அந்தப் போகத்தோடு தீர்ந்துவிடும் என்று வையுங்கள். பொருளியலாளர்கள் புரொக்கும் மிர்மனும் 1972இல் ஆராய்ந்த வளர்ச்சி மாதிரியின் மிக எளிய வடிவம் இது. விடை தாளிலேயே வரும்: விளைச்சலில் ஆல்பா பெருக்கல் பீட்டா பங்கு விதைக்கு. ஆல்பா 0.3, பீட்டா 0.96 என்றால் 0.288. மழை விளைச்சலைப் பாதியாக்கினாலும் அந்தப் பங்கு மாறாது! ஏன் மாறாது என்று உங்களால் இன்னொருவருக்குச் சொல்ல முடிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

பிறகு அதையே பைத்தான் நிரல்மொழியில், பெறுமதிச் சார்பை (ஒவ்வொரு நிலைக்கும் அதன் பெறுமதியைத் தரும் சார்பு) பூச்சியத்தில் தொடங்கித் திரும்பத் திரும்பக் கணித்துத் தீர்த்து, 0.288 வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பிழை குறைந்தது 0.96 மடங்காகச் சுருங்கும் என்பது சுருக்கத் தேற்றத்தின் (இப்படித் திரும்பத் திரும்பக் கணித்தால் ஒரே விடையை நெருங்குவோம் என்று சொல்லும் கணிதத் தேற்றம்) உத்தரவாதம். பிழை பத்து இலட்சத்தில் ஒன்றாகக் குறைய ஏறத்தாழ 340 சுற்றுகள் போதும். பீட்டா 0.99 என்றால் 1,375 வரை போகலாம். கணினி ஏன் இழுக்கிறது என்று அப்போது விளங்கும்.

கலைப்பிரிவுக்காரர் மெய்ப் பகுப்பாய்வு (எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிறுவல்களோடு படிக்கும் கணிதம்) வகுப்பு ஒன்றை எடுத்தே ஆக வேண்டும், இதில் சமரசம் இல்லை. ஸ்டோக்கி, லூகாஸ், பிரெஸ்கொட் எழுதிய 1989ஆம் ஆண்டு டைனமிக் மாதிரிகள் பற்றிய புத்தகத்தில் இப்போதைக்கு 3ஆம், 4ஆம் அத்தியாயங்கள் போதும். சார்ஜன்ட், ஸ்டாசர்ஸ்கி இருவரின் குவான்ட்இகான் பாடங்கள் இணையத்தில் இலவசம்.

பணம் பற்றியும் ஒன்று. எஃப்-1 மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான். உதவி ஆசிரியர் பணியே பெரும்பாலும் அதைத் தின்றுவிடும். முதல் வருடத்தில் அம்மாவின் சீட்டுக்குக் காசு அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டாமல் நிறுத்தியதை ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் இரண்டாம் வருடத்தில். நாடுகள் கடனைக் கைவிடுவது பற்றி ஈட்டன், கெர்சோவிட்ஸ் 1981இல் எழுதிய கட்டுரையில் தொடங்கி அரெயானோவின் 2008 கட்டுரைக்குப் போங்கள். அங்கும் பெல்மன்தான்: கட்டினால் ஒரு பெறுமதி, கைவிட்டால் ஒரு பெறுமதி, எது பெரிதோ அரசு அதைத் தேர்கிறது.