டி-ஸ்கேன்ல ஆள எப்படி புடிக்கிறது? சொல்லிக் குடுங்கண்ணே

அண்ணமாரே, ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல இருந்து ஈவ் ஆன்லைன்ங்கிற விண்வெளிக் கப்பல் கேம் ஆடுறேன், இப்பதான் வார்ம்ஹோல் (விண்வெளிச் சுரங்கப் பாதை வழியா போற எடம்) பக்கம் போறேன், அங்க மத்த எடம் மாதிரி லோக்கல் சாட்ல (அந்த ஏரியா சாட்) யாரு இருக்கான்னே காட்டாது, சுத்தி இருக்குற கப்பல லிஸ்ட் போட்டு காட்டுற டி-ஸ்கேன்தான் நமக்கு கண்ணு. 360 டிகிரி, 14.3 ஏயூ (ஒரு ஏயூன்னா பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) ரேஞ்ச் வச்சு அடிச்சா கப்பல் லிஸ்ட்ல வந்துருது. அப்புறம் கேமராவ ஒவ்வொரு கிரகமா திருப்பி ஆங்கிள 60, 30, 15, 5 டிகிரின்னு குறைச்சுக்கிட்டே வாறேன், ஆனா ரெண்டு கிரகம் ஒரே திசையில வந்துட்டா எதுக்கிட்ட நிக்கிறான்னு புரியல, ரேஞ்ச குறைச்சு பாக்குறதுக்குள்ள ஆளு போயிடுறான். எங்கப்பா கடல்ல ராமேஸ்வரம் கோபுரத்தையும் பாம்பன் லைட்ஹவுசையும் பாத்தே வலை போட்ட எடத்த சரியா சொல்லிருவாரு, அதே மாதிரி ரெண்டு எடத்துல இருந்து ஸ்கேன் அடிச்சா வேலைக்காகுமா? க்ளோக் (கப்பல மறைக்கிற கருவி) போட்டவன் ஸ்கேன்ல வரமாட்டான்னு தெரியும். மத்தவங்கள ப்ரோப் (ஆள தேட அனுப்புற குட்டி கருவி) போடாம புடிக்க முதல்ல ஆங்கிளா ரேஞ்சா, எத குறைக்கணும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்கண்ணே