சைனும் கோசைனும் நிற்கின்றன, இசட் பல்ஸ் மட்டும் நகர்கிறது (எஸ்டிஎம்32, டிஏசி, டிஎம்ஏ)

டிரைவ்மேசை:
வணக்கம். ஸ்பிண்டில் மோட்டார் டிரைவ் கார்டு பழுது பார்ப்பது என் தொழில். கார்டைச் சோதிக்க ஒவ்வொரு தடவையும் நிமிடத்துக்கு 60,000 சுற்று ஓடும் ஸ்பிண்டிலை மேசையில் வைத்து ஓட்டுவது ஆபத்து. அதனால் என்கோடர் (அச்சு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் உணரி) கொடுக்கும் சிக்னலை எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலர் போர்டிலிருந்தே கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். சுற்றுக்கு ஒரு அலை: பிஏ4 முனையில் சைன், பிஏ5-ல் கோசைன், பிஏ6-ல் சுற்றுக்கு ஒரு இசட் பல்ஸ் (சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் குறி).

ஒரு அலைக்கு டேபிளில் 256 மதிப்புகள். டைமர்6 டிஏசியின் (எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் பகுதி) இரண்டு சேனலையும் தட்டுகிறது, ஏஆர்ஆர் (டைமர் எண்ணும் எல்லை; பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும்) 327. டேபிளை டிஏசிக்குக் கொண்டுபோக இரண்டு டிஎம்ஏ (புராசஸர் தலையிடாமல் தரவை நகர்த்தும் பகுதி) ஸ்ட்ரீம், இரண்டும் சர்குலர் மோட் (முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கும்). இசட் பல்ஸுக்கு டைமர்3: பிரீஸ்கேலர் 1 (கடிகாரத்தை இரண்டால் வகுக்கும்), ஏஆர்ஆர் 41999, சரியாக 1 கிலோஹெர்ட்ஸ்.

ஸ்கோப்பை சைனில் டிரிகர் செய்தால் இசட் பல்ஸ் மெதுவாக வலப்பக்கம் ஊர்ந்து போய், ஏறக்குறைய இரண்டரை விநாடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. இரண்டு டைமரையும் அடுத்தடுத்த வரியில்தான் ஸ்டார்ட் செய்கிறேன். இன்டரப்டை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தும் பார்த்தாயிற்று, மாற்றமில்லை. டிஎம்ஏ பின்தங்குகிறதா? மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன்.

கடிகாரமுள்:
டிஎம்ஏவை விட்டுவிடுங்கள். அது பின்தங்கியிருந்தால் டிஏசியில் அண்டர்ரன் ஃபிளாக் (தரவு நேரத்துக்கு வரவில்லை என்ற குறி) ஏறி, அந்தச் சேனலுக்கு டிஎம்ஏ கோரிக்கையே நின்றுபோகும்; இப்படி நிதானமாக ஊராது. ஸ்டார்ட் செய்யும் வரிசையும் காரணமில்லை. இரண்டு டைமருக்கும் ஒரே 84 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம். முன்பின்னாகக் கிளம்பினால் அந்த இடைவெளி அப்படியே நிற்குமே தவிர வளராது. வளர்கிறது என்றாலே இரண்டும் வேறு வேறு எண்ணிக்கை எண்ணுகின்றன என்று பொருள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சைன் ஒரு சுற்று முடிக்க 328 × 256 = 83,968 கடிகாரத் துடிப்பு. இசட்டுக்கு 84,000. சுற்றுக்கு 32 துடிப்பு இசட் பிந்துகிறது. 84,000-ஐ 32-ஆல் வகுத்தால் 2625 சுற்று, அதாவது 2.6 விநாடி. நீங்கள் ஸ்கோப்பில் பார்த்த இரண்டரை விநாடி இதுதான். 256 சாம்பிளுக்கு (டேபிள் மதிப்புக்கு) தலா 328.125 துடிப்பு வேண்டும், டைமர் பின்னத்தை எண்ணாது.

எண்ணை மாற்றிச் சமாளிக்கலாம்: டேபிளை 240 ஆக்கினால் 350 துடிப்பு, மிச்சமில்லாமல் வகுபடும். ஆனால் வேகத்தை மாற்றிய நிமிடமே மறுபடி பிரியும். இசட்டுக்குத் தனிக் கடிகாரமே இருக்கக் கூடாது, அது சாம்பிளை எண்ண வேண்டும் என்பதுதான் என் கருத்து. டைமர்6-ன் டிரிகர் டைமர்3-க்குப் போகாது, எனவே சாம்பிள் வேலையை டைமர்2-க்குக் கொடுங்கள். அதன் டிஆர்ஜிஓவை (டிரிகர் வெளியீடு) அப்டேட் நிகழ்வில் (எண்ணி முடித்து மறுபடி தொடங்கும் கணம்) வையுங்கள்; டிஏசியும் அதை ஏற்கும், டைமர்3-க்கு அது ஐடிஆர்1 (உள் டிரிகர் உள்ளீடு) ஆகவும் வரும். டைமர்3-ஐ எக்ஸ்டர்னல் கிளாக் மோட் 1-ல் (வரும் டிரிகரையே எண்ணும் முறை) போட்டு பிரீஸ்கேலர் 0, ஏஆர்ஆர் 255, சிசிஆர்1 (பல்ஸின் அகலம்) = 1. அப்புறம் இரண்டு ஸ்ட்ரீம் தேவையில்லை. டிஎச்ஆர்12ஆர்டி என்ற 32 பிட் ரெஜிஸ்டரில் கீழ்ப்பாதி முதல் சேனல், மேல்பாதி இரண்டாவது சேனல். டேபிளை அப்படிக் கட்டினால் ஒரே டிஎம்ஏ இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோகும்.

டிரைவ்மேசை:
நின்றுவிட்டது! மதிய உணவுக்குப் போய்த் திரும்பி வந்தும் பல்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மிக்க நன்றி. ஒரே குறை, டேபிளின் முதல் மதிப்பு வெளியே வருவதற்கு 8 மைக்ரோ விநாடி முன்பே இசட் ஏறிவிடுகிறது. எப்போது ஆன் செய்தாலும் அதே 8.

கடிகாரமுள்:
அது இரண்டு சாம்பிள். டிரிகர் வரும்போது டிஏசி, ஹோல்டிங் ரெஜிஸ்டரில் (அடுத்த மதிப்பு காத்திருக்கும் இடம்) ஏற்கெனவே இருப்பதைத்தான் வெளியே தள்ளும். டிஎம்ஏவிடம் அடுத்த மதிப்பைக் கேட்பதும் அப்போதுதான். ஆகவே முதல் டிரிகரில் வெறும் பூஜ்யம், டேபிளின் முதல் மதிப்பு இரண்டாவது டிரிகரில். அதற்குள் டைமர்3 இரண்டு எண்ணிவிடுகிறது. அதன் கவுன்டரை 254-ல் தொடங்குங்கள்: முதல் டிரிகரில் 255, இரண்டாவதில் 0. இனிஷியலைஸ் செய்யும்போது கவுன்டர் பூஜ்யமாகிவிடும் என்பதால் 254-ஐ எல்லாம் முடிந்த பிறகு எழுதுங்கள். கடைசியாக டைமர்2-ஐ மட்டும் ஸ்டார்ட் செய்தால் போதும், மற்றவை அதற்காகக் காத்திருக்கட்டும்.

முப்பத்திரண்டுபிட்:
அண்ணா, வேகத்தை மாற்ற பொட்டென்ஷியோமீட்டர் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். டைமர்2-ல் ஆட்டோ ரீலோட் பிரீலோடை ஆன் செய்துவிடுங்கள். நான் செய்யாமல் மாட்டிக்கொண்டேன். வேகத்தைக் கூட்டும்போது ஏஆர்ஆர் குறைகிறது. எழுதும் அந்தக் கணத்தில் கவுன்டர் புது எல்லையைத் தாண்டியிருந்தால் அது நிற்காமல் உச்சம் வரை ஓடும். 16 பிட் டைமர்6-ல் அது முக்கால் மில்லி விநாடி, கண்ணில் படாது. டைமர்2 32 பிட். 84 மெகாஹெர்ட்ஸில் உச்சத்தைத் தொட 51 விநாடி. அத்தனை நேரமும் அவுட்புட் அப்படியே உறைந்திருக்கும். எனக்கு அது நாளுக்கு ஒரு தடவைதான் வந்தது, போர்டையே மாற்றிப் பார்த்தேன். பிரீலோட் இருந்தால் புது மதிப்பு அடுத்த அப்டேட்டில்தான் ஏறும், இந்தச் சிக்கல் வராது.

டேபிளையும் 0x10000000-ல் இருக்கும் சிசிஎம் ரேமில் வைத்துவிடாதீர்கள். எஃப்407-ல் டிஎம்ஏவுக்கு அந்த இடம் எட்டாது.

டிரைவ்மேசை:
254 போட்டதும் இசட் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பிரீலோடும் ஆன் செய்துவிட்டேன், அது இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவ் டிஸ்ப்ளேயில் 60,023 காட்டுகிறது, 328-க்கு அதுதானே கணக்கு. நான்கு கார்டுகள் வரிசையில் காத்திருக்கின்றன, முதல் கார்டு இப்போது என்கோடர் அலாரம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.