‘பம்ப் அப் த வால்யூம்’: வழக்கு ஏன் வந்தது?

கேள்வி: 1987இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த மார்ஸ் குழுவின் இந்த இசைத்தட்டு முழுக்கப் பிறர் பாடல்களின் சாம்பிள்கள் (வெட்டியெடுத்த ஒலித்துணுக்குகள்) நிரம்பிக் கிடக்க, ஸ்டாக் எய்ட்கன் வாட்டர்மேன் என்ற பிரிட்டிஷ் இசைத் தயாரிப்பாளர் மூவர் மட்டும் நீதிமன்றம் சென்றது ஏன்?

மறுமொழி 1: அவர்களுடைய ‘ரோட்பிளாக்’ பாடலின் குரல் இதில் சில நொடிகளே ஒலிக்கிறது. ஆனால், அவர்கள் தயாரித்த ரிக் ஆஸ்ட்லியின் பாடலை முதலிடத்திலிருந்து இறக்கியதும் இதே தட்டுதான் என்பதால், போட்டியும் காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். வழக்கு சமரசத்தில் முடிந்தது.

மறுமொழி 2: தலைப்பு வரியே அமெரிக்க ராப் இணையர் எரிக் பி, ரக்கிம் இருவரின் பாடலிலிருந்து வெட்டியெடுத்ததுதான், இடையே இஸ்ரேலியப் பாடகி ஓஃப்ரா ஹாசாவின் குரல் தாளத்தின்மேல் மிதந்து வருவதையும் கேளுங்கள்.

மறுமொழி 3: 1988இல் முதலிடம் பிடித்த எஸ்-எக்ஸ்பிரஸ் குழுவின் பாடலோ, அமெரிக்கக் குழுவான ரோஸ் ராய்ஸின் டிஸ்கோ இசையைத் துணுக்காக அன்றி முதுகெலும்பாகவே எடுத்துக்கொண்டது.