கண்மாய்த் தண்ணியில மீத்தேன் −22‰ வந்திருக்கு: கடலடி வெந்நீர் ஊற்று மீத்தேனோட ஒப்பிடலாமா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. புவியியல் கடைசி வருஷ புராஜெக்ட். மதுரைக்குக் கிழக்கே ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிற ஒரு கண்மாய்ல ரெண்டு மாதிரி எடுத்து அனுப்பினோம். கரம்பையைக் கம்பால குத்தினப்போ வந்த குமிழியில மீத்தேனோட டெல்டா கார்பன்-13 மதிப்பு (கனமான கார்பன்-13 விகிதம் ஒரு தர அளவை விட ஆயிரத்துக்கு எவ்வளவு கூட, குறையன்னு காட்டுறது) −61‰. அதே இடத்துல மேல்தண்ணியில கரைஞ்சிருந்த மீத்தேன் −22‰. நுண்ணுயிர் மீத்தேன்னா −50-க்குக் கீழே இருக்கணும், கடலடி ஊற்றுகள்ல உயிர் சம்பந்தமில்லாம உண்டாகிறது −20-ஐ ஒட்டியும் அதுக்கு மேலயும் வரும்னு படிச்சிருக்கோம். அப்போ இந்த −22 எதுல சேரும்? அடிப்பாறையிலேர்ந்து ஏதாவது கசியுதா, இல்லை மெஷின் தப்பா? லாஸ்ட் சிட்டி, ரெயின்போ (ரெண்டும் அட்லாண்டிக் கடலடி வெந்நீர் ஊற்றுகள்) மதிப்புகளோட ஒரே படத்துல போட்டா சரியா இருக்குமா?

பாறைக்காடு:
தம்பி, மெஷினையும் சந்தேகப்பட வேண்டாம், பாறையையும் தோண்ட வேண்டாம். மதுரைப் பக்கம் அடியில கிடக்கிறது நைஸும் சார்னோக்கைட்டும். ஆலிவின் நிறைஞ்ச பாறை தண்ணியோட சேர்ந்து செர்பன்டைனா மாறுறப்போதான் மீத்தேன் உண்டாகத் தேவையான ஹைட்ரஜன் கிடைக்கும். அந்த மாதிரி டியூனைட்டுக்கு நீங்க சேலம் மேக்னசைட் சுரங்கப் பக்கம் போகணும்.

உங்க ரெண்டு மதிப்பும் ஒரே மீத்தேனோடதுதான். குமிழி சேத்துலேர்ந்து கிளம்பி சில நொடியில மேலே வந்துடுது, வழியில அதை எதுவும் தொடுறதில்லை. கரைஞ்ச மீத்தேன் மெதுவா மேலே ஏறும். ஆக்சிஜன் இருக்கிற மட்டத்துக்கு வந்ததும், வேர்லயும் தண்ணியிலயும் இருக்கிற மீத்தேன் தின்னும் பாக்டீரியா அதை எடுத்துக்கும். கார்பன்-12 உள்ள மூலக்கூறு கொஞ்சம் வேகமா காலியாகும், அதனால மிச்சம் கனமாகிட்டே போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. பிரிப்புக் காரணி, அதாவது லேசான மூலக்கூறு கனமானதை விட எத்தனை மடங்கு வேகமா தின்னப்படுதுங்கிறது, 1.020-ன்னு வச்சுக்குவோம் (இந்த வினைக்கு 1.005-லேர்ந்து 1.030 வரைக்கும் சொல்றாங்க). 978-ஐ (1000-லேர்ந்து 22 போக) 939-ஆல (1000-லேர்ந்து 61 போக) வகுத்தா 1.0415. அதோட இயல் மடக்கை 0.0407. இதை 0.0196-ஆல, அதாவது 1-லேர்ந்து 1/1.020-ஐக் கழிச்சு வர்ற எண்ணால வகுத்தா 2.08. அதுக்கு மிச்சப் பங்கு 0.125. எட்டுல ஏழு பங்கு தின்னு தீர்ந்துபோச்சு, நீங்க அளந்தது மிச்ச ஒரு பங்கை. காரணி 1.025-ன்னா மிச்சம் 0.19.

இதை உறுதிப்படுத்த டெல்டா டி (கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியத்துக்கு அதே மாதிரி அளவு) அளந்தே ஆகணும். இதே வினையில டியூட்டீரியம் ரொம்ப அதிகமா பிரியும். குமிழி −310‰-ல இருந்து ஹைட்ரஜனுக்கான காரணி 1.2-ன்னா, அதே 0.125 மிச்சத்துக்கு −25‰ கிட்ட வந்து நிக்கும். லாஸ்ட் சிட்டி மீத்தேன்ல கார்பன் −8.8-லேர்ந்து −13.6‰, டெல்டா டி −99-லேர்ந்து −141‰. கார்பனை மட்டும் பார்த்தா உங்க கண்மாய் அங்கே போய் ஒட்டுற மாதிரி தெரியும், ஹைட்ரஜனைப் பார்த்தா தனியா நிக்கும். ஒரே படத்துல போடுங்க, ஆனா ரெண்டு அச்சும் இருக்கணும்.

ஈத்தேன் விகிதம் இங்கே கைகொடுக்காது. லாஸ்ட் சிட்டியில மீத்தேன் மில்லிமோல் அளவு, ஈத்தேன் மைக்ரோமோல் அளவு. விகிதம் ஆயிரத்தை ஒட்டி வரும், சேற்று வாயு மாதிரியே.

குமிழிப்புனல்:
மாதிரி எடுத்த விதத்தைச் சொல்லவில்லையே. −22 சரியாகவே இருக்கலாம். ஆனால் பாட்டிலுக்குள் பாக்டீரியா தொடர்ந்து தின்றிருந்தாலும் இதே மதிப்பு வரும். அதை விலக்காமல் கண்மாயைப் பற்றிப் பேச முடியாது.

குமிழிக்கு: 100 மி.லி. சீரம் பாட்டிலைக் கண்மாய்த் தண்ணீராலேயே விளிம்பு வரை நிரப்பி, தண்ணீருக்குள் தலைகீழாகப் பிடித்து, வாயில் புனலைச் செருகிக்கொண்டு சேற்றைக் கிளறுங்கள். அடியில் 10 மி.லி. தண்ணீர் மிஞ்சும்போது, தண்ணீருக்குள் வைத்தே தடித்த பியூட்டைல் ரப்பர் மூடியை அழுத்தி, அலுமினிய மூடியைக் கிரிம்ப் செய்யுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும்போதும் தலைகீழாகவே இருக்கட்டும். அந்தப் பத்து மில்லி தண்ணீர்தான் மூடியின் ஓரத்தை அடைக்கிறது. சாதாரண சிவப்பு ரப்பர், சிலிக்கோன் செப்டம் எல்லாம் சில நாளிலேயே வாயுவைக் கசியவிடும்.

கரைந்த மீத்தேனுக்கு: குமிழே இல்லாமல் நிரப்பி, அங்கேயே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் போட்டு பிஎச் 12-க்கு மேல் ஏற்றுங்கள். கையுறை அவசியம். ஆனால் அந்தக் காரம் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும். அதன் ஐசோடோப்பும் வேண்டுமென்றால், உப்பு தெவிட்டும் அளவு சேர்த்த இன்னொரு பாட்டில் தேவை. பலர் ஒரே பாட்டிலில் இரண்டையும் அளக்கப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

கருவியில் கேட்க வேண்டியவை: எரிப்பு உலை எத்தனை டிகிரியில் இருந்தது? ஹைட்ரோகார்பன்களிலேயே எரிக்கக் கடினமானது மீத்தேன். 940 முதல் 1000 டிகிரி வரை வேண்டும், குறைந்தால் அரைகுறையாக எரிந்து மதிப்பு நகரும். ஸ்டாண்டர்டு (மதிப்பு முன்பே தெரிந்த ஒப்பீட்டு வாயு) எத்தனை போட்டார்கள்? −40-ல் ஒன்றை மட்டும் வைத்து −61-ஐயும் −22-ஐயும் அளந்திருந்தால் நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் அணைகட்டுவதுபோல் இரண்டு வேண்டும். மாதிரியின் பீக் உயரமும் ஸ்டாண்டர்டின் பீக் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். லேசர் கருவியானால் ஹைட்ரஜன் சல்பைடைத் தாமிரத் துருவலில் ஓட்டி நீக்கினார்களா என்று கேளுங்கள். கண்மாய்ச் சேற்றில் அது தாராளமாக உண்டு.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றி மேடம். பாட்டில்ல எதுவும் போடலை, ஒன்பது நாள் அறையிலேயே இருந்துச்சு. திரும்ப எடுக்கிறோம்.

இன்னொரு சந்தேகம். செமினாருக்காக மேக்மா கார்பன் டை ஆக்சைடு −5, ஊற்று மீத்தேன் −16-ன்னு எடுத்து, ரெண்டுக்கும் உள்ள சமநிலைப் பிரிப்பை வச்சு வெப்பநிலை கணக்கிட்டேன். 600 டிகிரிக்கு மேல வருது. ரெயின்போ ஊற்று 365 டிகிரிதானே?

ஆழ்நீர்:
கணக்குச் சரி, பொருத்தம்தான் தப்பு. 300 டிகிரியில் சமநிலை இருந்தால் இரண்டுக்கும் இடைவெளி 25‰ இருக்கணும், 350-ல் 22. உங்களுக்குக் கிடைச்சது 11. அந்த மீத்தேனும் இப்போ ஊற்றில் வர்ற கார்பன் டை ஆக்சைடும் ஒன்றோடொன்று சமநிலைக்கு வரவே இல்லை என்று அர்த்தம். வினையூக்கி இல்லாமல் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனாக மாறுறது அந்தச் சூட்டிலும் மிக மந்தம். நீர் பாறைக்குள் சுற்றி வர்ற காலம் அதுக்குப் போதாது.

அப்போ மீத்தேன் எப்போ உண்டானது? இந்த ஊற்றுகளின் மீத்தேனில் கார்பன்-13-ம் டியூட்டீரியமும் ஒரே மூலக்கூறில் சேர்ந்து அமர்ந்திருக்கிற விகிதத்தை அளந்தால், சுமார் 270 முதல் 360 டிகிரி வருது. இதுக்கு கார்பன் டை ஆக்சைடு துணை தேவையில்லை என்பதுதான் இதன் பலம். லாஸ்ட் சிட்டியின் நீர் சுமார் 90 டிகிரி. அதிலும் மீத்தேன் மட்டும் பழைய சூட்டைச் சொல்லுது. அங்கே மீத்தேனில் கார்பன்-14 கிட்டத்தட்ட இல்லை, ஆகவே இன்றைய கடல்நீரின் பைகார்பனேட்டிலிருந்து வந்ததும் இல்லை. பாறை குளிரும்போது ஆலிவினுக்குள் நுண்துளிகளாகச் சிறைப்பட்ட நீரும் கார்பன் டை ஆக்சைடும் உள்ளேயே நீண்டகாலம் வினைபுரிந்து உண்டான மீத்தேனை, பிறகு வெந்நீர் அலசிக்கொண்டு வருது என்பதுதான் எனக்கு வலுவாகப் படுகிற விளக்கம்.

லாஸ்ட் சிட்டிக்கு இந்த வெப்பநிலைக் கணக்கைப் போடவே வேண்டாம். பிஎச் 9 முதல் 11 வரை. கார்பன் முழுக்கக் கார்பனேட்டாகப் படிஞ்சு, ஒப்பிடக் கார்பன் டை ஆக்சைடே மிஞ்சாது.

ஊற்று மதிப்புகளைப் படத்தில் போடும்போது மெக்னீசியத்தையும் பாருங்க. கடல்நீரில் கிலோவுக்கு 53 மில்லிமோல், தூய ஊற்று நீரில் சுழி. மாதிரியில் 10.6 இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு கடல்நீர். அளந்த மீத்தேன் 1.2 மில்லிமோல் என்றால் உண்மையில் 1.5. மீத்தேனின் ஐசோடோப்பு இதில் அசையாது, கடல்நீரில் மீத்தேன் நானோமோல் அளவுதான். கார்பன் டை ஆக்சைடு அசையும், கடல்நீரில் 2.3 மில்லிமோல் 0‰ கார்பன் ஏற்கெனவே இருக்கே.

கலிபோர்னியா வளைகுடாவில் இருக்கிற குவாய்மாஸ் வடிநிலத்தையும் ஒரு புள்ளியாகச் சேருங்க. ஊற்று அங்கேயும் சுடுது, ஆனால் கடலடி வண்டலின் கரிமப்பொருள் வெந்து மீத்தேன் வர்றதால் −43-க்குக் கீழே விழும்.