கல்யாண வேலைக்கு எந்த ஃப்ளாஷ்?

பாளைப் பையன்: அண்ணாச்சிமாரே, நிக்கான் கேமராவும் கோடாக்ஸ் டிடி600 ஃப்ளாஷ் ஒண்ணும் வச்சிருக்கேன். ரிசப்ஷன்ல நாலு செல்லும் சூடேறி, பொண்ணு மாப்ள சிரிச்சு முடிச்ச பொறவுதான் ஃப்ளாஷ் அடிக்கு. இனி கோடாக்ஸ்லயே ஏடி200 ப்ரோ ஃப்ளாஷ் வாங்கவா, வி1 வாங்கவா?

ஆத்தங்கரை: ஏடி200 ப்ரோ எடும்வே. அதோட ஃப்ளாஷ் பவர் 200 வாட்-செகண்ட், வி1-க்கு வெறும் 76. தாமிரபரணிக் கரை குறுக்குத்துறையில வெயிலுக்கு எதிரா நிப்பாட்டி வெளிச்சத்த மெதுவாக்குத சாஃப்ட்பாக்ஸ் மாட்டினா 76 காணவே காணாது. கேமராவுல மாட்டி ஃப்ளாஷ அடிக்க வைக்குத ட்ரிக்கர் நிக்கானுக்குள்ளதான்னு பாத்து வாங்கும், நான் அவசரத்துல கேனனுக்குள்ளத வாங்கிட்டு முழிச்சேன்.

சாரல்: லைட் ஸ்டாண்டுல மண்ணுச் சாக்கு கட்டிக்கிடுங்க. ஆனிக் காத்துல ஃப்ளாஷ்ல மாட்டுன குடையோட சரிஞ்சு என் ஃப்ளாஷ் மூஞ்சி ஒடஞ்சுட்டு, பொண்ணோட மாமா வேற சிரிக்காரு.

பாளைப் பையன்: ஏடி200தான் அப்பம். டிடி600 பின்னால இருந்து ஆளு ஓரத்துல வெளிச்சம் அடிக்குத ரிம் லைட்டுக்குக் கெடக்கட்டும்.