டிரான்சிட் பேசேஜுக்குத் தமிழில் என்ன?

தொடங்கியவர்:
அன்பர்களே, இளங்கலை அரசறிவியல் பாடநூல் ஒன்றில், ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவிலுள்ள ஹோர்முஸ் நீரிணை பற்றிய அத்தியாயத்தின் மொழிபெயர்ப்பு என் கையில் இருக்கிறது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். இன்னசென்ட் பேசேஜ், டிரான்சிட் பேசேஜ் என்ற இரண்டில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். இரண்டும் ஒரு நாட்டுக்குரிய கடல்வழியே பிறநாட்டுக் கப்பல் கடந்துபோகும் உரிமைகள். பழைய வரைவில் ஒன்று ‘அப்பாவிப் பயணம்’, மற்றது ‘போக்குவரத்துப் பயணம்’. பிள்ளைகள் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

இரண்டையும் குழப்பினால் அத்தியாயமே போச்சு. நீரிணையின் குறுகலான இடம் 24 கடல்மைல்கூட இல்லை. கரைநாட்டுக்குரிய கடல் என்று ஈரானுக்கு 12, ஓமானுக்கு 12 போக, அங்கே பொதுக்கடல் என்று ஒரு முழமும் மிஞ்சாது. இப்படிப்பட்ட நீரிணைகளுக்காகவே 1982 கடற்சட்ட உடன்படிக்கை டிரான்சிட் பேசேஜைக் கொண்டுவந்தது. நீர்மூழ்கி மூழ்கியபடியே போகலாம், விமானம் மேலே பறக்கலாம். இன்னசென்ட் பேசேஜில் நீர்மூழ்கி மேலே வந்து கொடி காட்ட வேண்டும். விமானத்துக்கு இடமே கிடையாது. ஈரான் கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. டிரான்சிட் பேசேஜ் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டுமே என்று அப்போதே அறிவித்தும் விட்டது. அமெரிக்கா சேரவே இல்லை, ஆனால் டிரான்சிட் பேசேஜ் நாடுகளின் நடைமுறையிலேயே ஊறிப்போன வழக்காற்றுச் சட்டம், எல்லோருக்கும் உண்டு என்கிறது. உலகம் செலவழிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ 5-இல் ஒரு பங்கு (2024 கணக்கு) போகும் வழியில் இந்த வழக்கு.

வேர்ச்சொல்லான்:
இதற்கா இத்தனை தவிப்பு? ‘கட’ என்ற வேர் இருக்கிறதே. கடவு, கடவை, கடப்பு, கடத்தி எல்லாம் அதன் பிள்ளைகள். கடத்தற்கு அரியது என்பதாலேயே கடல் ஆயிற்று என்பது என் நெடுநாள் கருத்து. கடவுளும் அவ்வழியே. கடவுச்சீட்டு என்று நாளும் எழுதுகிற கைக்குக் கடவு கசக்குமா? தீங்கிலாக் கடவு, ஊடுகடவு. முடிந்தது.

பருத்தித்துறையான்:
ஐயா, கடவுள் வரைக்கும் போய்விட்டீர்கள், கொஞ்சம் கரைக்கு வாருங்கள். எங்கட பக்கம் கடவை என்றால் தெருவிலே போட்ட வெள்ளைக்கோடு. பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை. எண்ணெய்க்கப்பல் கடவையிலே நிற்குது என்று வாசித்தால் ரயில் போகட்டும் என்று நிற்குதாக்கும் என்றுதான் எங்கட பிள்ளைகள் நினைக்கும். மற்றது, ஜலசந்தி என்று போடாமல் நீரிணை என்று எழுதினதுக்கு நன்றி.

கடலோடி:
‘கடத்தல்’ பக்கமும் போய்விடாதீர்கள். அங்கே உண்மையான கடத்தலே உண்டு. கப்பல் வரும் தடம் 2 கடல்மைல் அகலம், போகும் தடம் 2, நடுவில் 2 இடைவெளி. ஓமானின் முசந்தம் கரையை ஒட்டி வளைந்து போகும். எண்ணெய் ஏற்றிய கப்பலை நினைத்தபடி திருப்ப முடியாது. அந்தத் தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓமானின் கசப் துறைமுகத்துச் சின்னப் படகுகள் பறக்கும். ஈரானிலிருந்து ஆடு வரும், கசபிலிருந்து சிகரெட் போகும். ராடாரில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அதே நேரத்தில் கப்பல் வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் ஈரான் கடற்படை கூப்பிட்டு எந்தக் கொடி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கும். பதில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். ‘இடைவிடாக் கடப்பு’ என்று வையுங்கள். நிற்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

வகுப்பறை:
கடலோடி அண்ணா, அங்கேதான் இடிக்கிறது. இடைவிடாமல், விரைவாகப் போக வேண்டும் என்ற நிபந்தனை இரண்டுக்குமே உண்டு. அதைப் பெயராக வைத்தால் தேர்வில் நான் எதைத் திருத்துவது? வேறுபாடு, கரைநாடு தலையிட எவ்வளவு இடம் என்பதில் இருக்கிறது. இன்னசென்ட் பேசேஜில் ‘தீங்கு’ உண்டா இல்லையா என்று பார்க்கிற இடம் கரைநாட்டுக்குக் கிடைக்கிறது. 2019 ஜூலையில் பிரித்தானியக் கொடி பறந்த ‘ஸ்டெனா இம்பேரோ’ எண்ணெய்க்கப்பலை ஈரான் பிடித்தபோது, மீன்பிடிப் படகை இடித்துவிட்டது என்று காரணம் சொன்னது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஜிப்ரால்டரில் ஈரான் எண்ணெயை ஏற்றிய கப்பலைப் பிரித்தானியா பிடித்திருந்தது. படகுதான் காரணம் என்று யார் நம்பினார்கள்?

வேர்ச்சொல்லான்:
கரைநாட்டுக்கு உரிமையே இல்லை என்பது போலப் பேசுகிறீர்கள். ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்று குறள் உல்கை, அதாவது சுங்கவரியை, வேந்தன் பொருளில் சேர்க்கிறது. சோழர் காலப் புகார் நகரில் பண்டத்துக்குப் புலி பொறித்துத்தான் வெளியே விட்டார்கள். சுங்கம் வேண்டாம், உல்கு என்றே பாடநூலில் எழுதுங்கள்.

வகுப்பறை:
ஐயா, புகார் துறைமுகம். சரக்கு அங்கே இறங்கியது. கரை தொடாமல் கடந்து போகிற கப்பலிடம், கடந்ததற்காக மட்டும் காசு கேட்கக் கூடாது என்று அதே உடன்படிக்கையின் 26-ஆம் உறுப்பு சொல்கிறது. வழிகாட்டல் போன்ற சேவை செய்தால் அதற்கு வாங்கலாம். சூயஸில் வாங்குகிறார்களே என்றால் அது எகிப்து மண்ணில் வெட்டிய கால்வாய். உல்கு நல்ல சொல்தான், இந்த அத்தியாயத்தில் அதற்கு வேலை இல்லை.

பருத்தித்துறையான்:
‘நீரிணைக் கடப்பு’ என்று வைத்தால் என்ன? சண்டை இல்லை.

வகுப்பறை:
சில நீரிணைகளில் இன்னசென்ட் பேசேஜ்தானே சட்டம்! ஹோர்முஸிலும் அதுதான் என்கிறது ஈரான்.

தொடங்கியவர்:
உல்குக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும். உடன்படிக்கையின் 38-ஆம் உறுப்பு டிரான்சிட் பேசேஜைத் தடுக்கக் கூடாது என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ‘தடையிலாக் கடப்பு’, மற்றதற்குத் ‘தீங்கிலாக் கடப்பு’ என்று போடுகிறேன். எதுகை இருக்கிறது, பிள்ளைகளுக்கு மனதில் நிற்கும். தனிமடலில் வந்தவர்களில் பெரும்பாலோர் சரி என்றுவிட்டார்கள். கோப்பு இன்றிரவு போகிறது.

வேர்ச்சொல்லான்:
எதுகையா? இரண்டாம் எழுத்தைப் பாருங்கள், ‘டை’யும் ‘ங்’கும். அது மோனை. அதுவும் ஐயமே.

வகுப்பறை:
எதுகை கிடக்கட்டும். தடையிலா என்று பெயரிலேயே எழுதிவிட்டால் ஈரானின் வாதத்தைப் பாடம் தொடங்குமுன்னே தள்ளுபடி செய்கிறோம். போர்க்கப்பலுக்கு முன்அனுமதி வேண்டும் என்று 1993-இல் அவர்கள் தனிச்சட்டமே போட்டார்கள். அந்தப் பக்கத்தையும் நான் வகுப்பில் சொல்ல வேண்டும். ஐயாவின் ‘ஊடு’வை எடுத்துக்கொண்டு ஊடுகடப்பு என்றுதான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். பாடநூலில் எது இருந்தாலும் சரி.

கடலோடி:
ஊடுகடப்புக்கு என் ஓட்டும். கோப்பு போய்விட்டதா?